கேட்சரின் வேலைக்கு ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் கிடையாது

கேள்வி: 2010இல் அமெரிக்க பேஸ்பாலின் நேஷனல் லீகில் சிறந்த புதுமுக விருதுக்குப் போட்டியிட்ட சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் கேட்சர் பஸ்டர் போசி, அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் ரைட் ஃபீல்டர் ஜேசன் ஹேவர்ட் இருவரில் யாருக்கு மதிப்பு அதிகம்?

போசிக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்சர் என்பவர் பேட்டருக்குப் பின்னால் குந்தி, பிட்சர் வீசும் பந்தை வாங்குபவர். ரைட் ஃபீல்டர் மைதானத்தின் வலப்பக்கக் கோடியில் நிற்பவர்.

இரண்டு பேரின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்பிவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். ஹேவர்ட் 142 ஆட்டம், போசி 108. இருவருக்கும் 18 ஹோம் ரன். பேட்டிங் சராசரியில் போசி .305, ஹேவர்ட் .277. ஆனால் நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்கு (ரன் எடுக்க ஓடிக் கடக்கும் நான்கு நிறுத்தங்களில் முதலாவது) நடந்து போகும் ‘வாக்’கையும் சேர்த்தால் ஹேவர்ட் .393 என்று முந்திவிடுகிறார். அணிக்கு ஒருவரால் எத்தனை வெற்றி கூடியது என்று சொல்லும் வார் கணக்கிலும் அந்த ஆண்டு அவர்தான் மேலே. ஆனாலும் விருது 129க்கு 107 என்ற புள்ளிகளில் போசிக்குப் போனது. இது எப்படி என்று உங்களுக்குத் தோன்றுவது நியாயம்தான்.

நான் பேஸ்பால் ஆடியவள் இல்லை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். 2021இல் என் மகனுக்குப் பதினொரு வயது, ஊர்ச் சிறுவர் லீகில் அவன்தான் எங்கள் அணியின் கேட்சர். ஸ்கோர் எழுத ஆள் இல்லை என்றார்கள், நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். இந்த ஆட்டத்தை நான் கற்றதே அந்தப் புத்தகத்தில்தான்.

அந்த வயதுப் பையன்கள் வீசும் பந்தில் பாதி, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு முன்னாலேயே மண்ணில் குத்தும். கேட்சர் கோட்டைவிட்டால் பாஸ்ட் பால் என்று எழுதலாம். பிட்சர்மேல் தப்பென்றால் வைல்டு பிட்ச். ஆனால் கேட்சர் முட்டிபோட்டு, நெஞ்சில் வாங்கி, பந்தைக் காலடியிலேயே நிறுத்திவிட்டால் எழுத ஒன்றுமே இல்லை. மூன்றாம் பேஸில் நிற்கிற பையன் அங்கேயே நிற்பான், வர வேண்டிய ரன் வராது, புத்தகத்தில் அது வெறும் ‘பால்’, அதாவது தவறான பந்து. எனக்கு மனசு கேட்கவில்லை. பேஸில் ஆள் இருக்கும்போது அவன் நிறுத்திய ஒவ்வொரு பந்துக்கும் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க ஆரம்பித்தேன். ஒரு ஆட்டத்தில் பதினான்கு புள்ளி வந்தது. அன்று இரண்டு ரன்னில் ஜெயித்தோம். என் மகன் பேட்டால் ஒன்றும் அடிக்கவில்லை.

சீசன் முடிவில் சிறந்த ஆட்டக்காரர் கோப்பை எங்கள் ரைட் ஃபீல்டருக்குப் போனது. நல்ல பையன், அருமையாக அடிப்பான், எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் தோசை சாப்பிட்டிருக்கிறான். அவனைக் குறை சொல்லவில்லை. கோச்சிடம் புத்தகத்தை எடுத்துப் போய்ப் புள்ளிகளைக் காட்டினேன். “அது கேட்சரோட வேலைதானே” என்றார். அந்த வேலையைத்தான் எண்ணிப் பாருங்கள் என்கிறேன் என்று சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை.

பெற்ற பாசத்தில் பேசுகிறாள் என்பார்கள். சரி, என் மகனை விடுங்கள். வார் கணக்குப் போடுகிறவர்களே முழு சீசன் ஆடும் கேட்சருக்கு 12.5 ரன் கூட்டுகிறார்கள், ரைட் ஃபீல்டருக்கு 7.5 ரன் கழிக்கிறார்கள். நிற்கிற இடத்துக்காக மட்டுமே 20 ரன் வித்தியாசம். அதையும் சேர்த்த பிறகுதானே ஹேவர்ட் மேலே வந்தார் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் ஓரத்தில் வரும் பந்தைக் கிளவுஸ் அலுங்காமல் வாங்கி அம்பயரை ஸ்ட்ரைக், அதாவது சரியான பந்து, என்று சொல்ல வைக்கும் ஃப்ரேமிங் அன்றைய கணக்கில் இல்லவே இல்லை. வார் கணக்கு வெளியிடும் ஃபேன்கிராஃப்ஸ் தளம் அதைச் சேர்த்ததே 2019இல்தான். போசி அதில் கைதேர்ந்தவர்.

108 ஆட்டம் என்பதும் அவர் குறை இல்லை. மே 29 வரை அவரைக் கீழ்நிலை அணியிலிருந்து மேலே கூப்பிடவே இல்லை. வந்த பிறகும் முதல் ஒரு மாதம் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் பேஸில்தான் நிறுத்தினார்கள். அதுவரை கேட்சராக இருந்த பெஞ்சி மொலினாவை டெக்சாஸ் அணிக்குக் கொடுத்த பிறகுதான் பிளேட்டுக்குப் பின்னால் நிரந்தர இடம் கிடைத்தது. ஜயன்ட்ஸ் சீசனின் கடைசி நாளில்தான் லீகில் தங்கள் பிரிவை வென்றது. இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் நான்காவது ஆட்டத்தில் அவர்கள் பிட்சர் பம்கார்னர் எட்டு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசினார். அவரும் புதுமுகம், பந்தை வாங்கிய போசியும் புதுமுகம். விருதுக்கான ஓட்டு அதற்கு முன்பே போட்டாயிற்று என்பது எனக்கும் தெரியும்.

அட்லாண்டா ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இருபது வயதில், முதல் ஆட்டத்தில், முதல் முறை பேட் பிடித்தபோதே ஹோம் ரன் அடித்தவர் ஹேவர்ட். பின்னாளில் தடுப்பாட்டத்துக்கான கோல்டு கிளவ் விருதை ஐந்து முறை வாங்கினார். அடுத்த பத்து வருடத்துக்கு யார் என்று அப்போது கேட்டிருந்தால் அவரைச் சொல்வதில் தப்பே இல்லை. ஏனென்றால் கேட்சரின் உடம்பு அப்படி. 2011 மே 25 அன்று பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஓடி வந்தவர் மோதியதில் போசியின் கால் எலும்பு உடைந்து, கணுக்கால் தசைநார்கள் கிழிந்து, அந்த சீசனே போனது. அடுத்த வருடம் திரும்பி வந்து .336 அடித்து லீகின் மிக மதிப்புமிக்க வீரர் ஆனார். இதையெல்லாம் நான் தேடித் தேடிப் படித்தது என் மகனால்தான்.

   

என் மகன் கேட்சராக நின்ற அந்த 2021இல் போசிக்கு பேட்டிங் சராசரி .304, மறுபடியும் 18 ஹோம் ரன், அணிக்கு 107 வெற்றி. அதோடு 34 வயதில் போசி விலகிக்கொண்டார். “நல்லாத்தானே ஆடுறார், ஏம்மா?” என்று மகன் கேட்டான். உடம்பு என்றேன்.

இப்போது அவன் ஹைஸ்கூலில் செகண்ட் பேஸ் ஆடுகிறான், முட்டி வலியால் மாற்றிவிட்டோம். கோப்பை வாங்கிய அந்தப் பையன் இன்னும் ரைட் ஃபீல்டில்தான் நிற்கிறான்.