கேளுங்க சொல்றோம்: சொக்கெட் செக்க தூக்கலாமா?

கேள்வி: கெம்பஸ் ப்ரொஜெக்ட்டுக்கு சின்னதா ஒரு கேர்னல் (ஒபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) எழுதுறேன். சொக்கெட் (நெட்வொர்க்ல தகவல் அனுப்பி வாங்குற இணைப்பு) வேலை எல்லாத்துக்கும் ஒரே சிஸ்டம் கோல், அதாவது ப்ரோக்ராம் கேர்னல்கிட்ட வேலை கேட்குற வழி, அதுல கமாண்ட் நம்பர் வரும், அத வச்சு கேஸ் கேஸா பிரிக்கிற ஒரு பெரிய ஸ்விட்ச். ஒவ்வொரு கேஸ்லயும் செக் பண்ணி பண்ணி 500 வரிய தாண்டிருச்சு. செக்க கொஞ்சம் தூக்கிட்டா சிம்பிளாகுமா? (வாசகர், அட்டன்)

பதில்: தூக்காதீங்க தம்பி, இடத்த மாத்துங்க. தேயிலைக் கொழுந்து நிறுக்குற மடுவத்துல பார்த்திருப்பீங்களே, பேர் செக்ரோல்ல (வேலைக்கு வந்தவங்க பதிவு) இருக்கானு பார்த்துட்டுதான் சாக்க தராசுல மாட்டுவாங்க, எடைய ஒரு தரம் எழுதிட்டா சம்பளத்துக்கு அந்த எழுத்துதான், பெறகு போய் யாரும் சாக்க தூக்கி பார்க்குறதில்ல.

லினக்ஸ்ல சொக்கெட்கோல்னு ஒண்ணு இருக்கு, அச்சு அசல் உங்களோடது மாதிரி. கமாண்ட் நம்பர் 1ல இருந்து 20 வரைக்கும். அதுக்கு வெளிய எது வந்தாலும் வாசல்லயே ஈஇன்வால் (தப்பான மதிப்பு) எரர குடுத்து அனுப்பிரும். அடுத்து ஒரு குட்டி டேபிள், எந்த கமாண்டுக்கு எத்தன ஆர்கியுமெண்ட் (கூட குடுக்குற மதிப்பு)னு: சொக்கெட்டுக்கு எட்ரஸ் குடுக்குற பைண்டுக்கு 3, தகவல் அனுப்புற சென்ட்டூவுக்கு 6, அதுக்கு மேல எதுக்குமே இல்ல. அந்த அளவுக்கு மட்டும் யூசர் மெமரில இருந்து கேர்னல் ஸ்டாக்குக்கு ஒரே ஒரு தரம் கொப்பி, பெறகு ஸ்விட்ச்ல கேஸுக்கு ரெண்டு மூணு வரிதான். ஏன் ஒரே தரம்னா, நீங்க செக் பண்ணிட்டு திரும்ப அதே மெமரிய வாசிக்கிற அந்த நொடில அதே ப்ரோக்ராம்ல கூடவே ஓடுற இன்னொரு த்ரெட் உள்ள இருக்கிறத மாத்திரலாம், செக் பண்ணினது ஒண்ணு யூஸ் பண்றது இன்னொண்ணுனு ஆகிரும், இந்த பக் இலேசுல கண்ணுல படாது.

வாசல் செக் இல்லாட்டி என்ன ஆகும்னு கேட்டா 2013ல லினக்ஸ்லயே நடந்துச்சு. சொக் டயக்னு சொக்கெட் விவரம் சொல்ற ஒரு பகுதி, வர்ற பேமிலி நம்பர் (எந்த வகை சொக்கெட்னு சொல்றது) 8 பிட், அதாவது 255 வரைக்கும் போகலாம், ஆனா டேபிள் அவ்வளவு நீளம் கெடையாது, யாரும் பார்க்கல. டேபிளுக்கு வெளிய கெடக்கிறத டேபிள்ல உள்ளதுனு நெனச்சு, அது காட்டுற பங்ஷன கேர்னல் போய் கூப்பிட்டுச்சு, சாதாரண யூசர் ரூட் (மெஷின்ல எதையும் செய்யக்கூடிய யூசர்) ஆயிட்டான். திருத்தினது ஒரே ஒரு இஃப்!

அதுக்காக எல்லா செக்கையும் வாசலுக்கு கொண்டு வந்துராதீங்க. எட்ரஸ் நீளம் மாதிரி விஷயம் பைண்ட், கனெக்ட், சென்ட்டூ மூணுக்கும் வரும், அத ஒரு தனி பங்ஷன்ல போட்டு மூணுல இருந்தும் கூப்பிடுங்க (லினக்ஸ்ல 128 பைட்டுக்கு மேல போனா திருப்பி அனுப்பிரும்). உங்க 500 வரில முக்காவாசி இந்த கொப்பி பேஸ்ட்டாதான் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

கேள்வி: 64 பிட் மெஷின்ல இந்த சொக்கெட்கோல தேடினேன், காணோமே? (வாசகி, பண்டாரவளை)

பதில்: 64 பிட் இன்டெல், ஏஎம்டில ஆரம்பத்துல இருந்தே பைண்டுக்கு ஒரு நம்பர், கனெக்ட்டுக்கு ஒரு நம்பர்னு தனித்தனி. 32 பிட்டுக்கும் 2015ல, 4.3 கேர்னல்ல, தனி நம்பர் குடுத்துட்டாங்க, ஆனா பழைய ப்ரோக்ராம் ஓடணுமே, அதனால பழைய வாசலையும் அடைக்கல.