ஃபிலிம் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை

கேள்வி: அப்பா வைத்திருந்த 8 மி.மீ. புரொஜெக்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். மோட்டார் ஓடுகிறது, விளக்கும் எரிகிறது. ஃபிலிமைத் தானே இழுத்து ஏற்றிக்கொள்ளும் வகை. ஆனால், நுழைத்த ஃபிலிம் லென்ஸுக்குப் பின்னால் போய் மடிந்து நசுங்குகிறது. ஏதாவது உடைந்திருக்குமா? எண்ணெய் விட்டால் சரியாகுமா?

பதில்: உடைந்திருக்க வாய்ப்பு குறைவு. எண்ணெய்க் குப்பியை மட்டும் இப்போதைக்கு எட்ட வைத்துவிடுங்கள். சோதித்துப் பார்க்க வீட்டுக் கல்யாண ஃபிலிமையும் எடுக்காதீர்கள். படம் இல்லாத வெற்று ஃபிலிம் ஒரு மீட்டர் இருந்தால் போதும்.

முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தை அல்ல, ஃபிலிமின் நுனியை. கிழிந்த, சுருண்ட நுனி எந்த இயந்திரத்திலும் சிக்கும். இந்த வகைப் புரொஜெக்டர்கள் பலவற்றில் நுனியை வெட்ட ஒரு சிறு கத்தி பொருத்தியிருப்பார்கள். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. அதில் வெட்டி, சுருண்டிருக்கும் பக்கத்துக்கு எதிராக விரலால் நீவிவிடுங்கள். அடுத்து, ஃபிலிம் எந்த வகை? 1932இல் வந்த பழைய 8 மி.மீ. ஃபிலிமில் துளை பெரியது, இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கும். 1965இல் வந்த சூப்பர் 8இல் துளை சிறியது, படத்தின் நடுவுக்கு நேராக இருக்கும். இரண்டையும் ஓட்டும் இயந்திரமானால் அதற்கான சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். மாறியிருந்தால் ஃபிலிமை இழுக்கும் கொக்கி துளையில் விழாது.

இவை சரியாக இருந்தும் சிக்கினால், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்க மூடியையும் லென்ஸையும் கழற்றுங்கள். ஃபிலிமின் துளைகளில் பல் பொருந்தும் பல்சக்கரம் ஃபிலிமை ஒரே சீராகத் தள்ளுகிறது. கொக்கியோ விநாடிக்கு 18 முறை வெடுக்வெடுக்கென்று இழுக்கிறது. இந்த இரண்டு வேகத்துக்கும் ஒத்துப்போக, லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் கடந்து போகும் குறுகிய இடுக்கான 'கேட்'டுக்கு மேலேயும் கீழேயும் ஃபிலிம் சற்றுத் தளர்வாக வளைந்து நிற்க வேண்டும். ஏற்றும் பொத்தானை அழுத்தியதும் இரண்டு வளைந்த தகடுகள் நெருங்கி வந்து, அந்த வளைவுக்கு ஒரு தற்காலிகச் சுவராக நிற்கும். ஃபிலிம் ஏறியதும் அவை விலகிவிட வேண்டும்.

கையால் சுழற்றும் குமிழ் இருந்தால் அதை மெல்லத் திருப்பியபடி நுனியைப் பின்தொடருங்கள். மேல் தகடு முழுதாக நெருங்காமல் கேட்டுக்கு முன்னால் மயிரிழை இடைவெளி விட்டிருந்தால், நுனி அங்கேதான் முட்டி மடியும். உங்கள் இயந்திரத்தில் அநேகமாக இதுதான் நடக்கிறது. தகடு அசையும் அச்சில் ஐம்பது ஆண்டு கிரீஸ் இறுகி, பழுப்பு மெழுகாக ஒட்டியிருக்கும். ஸ்பிரிங் பலவீனமானதல்ல, இந்தப் பிசினை மீறி இழுக்கத்தான் அதற்கு முடியவில்லை, அவ்வளவுதான். ஸ்பிரிங்கை வளைத்து 'பலப்படுத்தும்' வேலை வேண்டாம்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் அச்சைத் துடைத்துத் துடைத்து, தகட்டை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருங்கள். பொறுமை வேண்டும், ஒரு மாலை போய்விடும். பிளாஸ்டிக் பாகமானால் மறைவான ஓரத்தில் சோதித்துவிட்டுத் தொடுங்கள். பொத்தானை விட்டதும் தகடு தானே துள்ளித் திரும்பினால், மெல்லிய இயந்திர எண்ணெயை ஊசி முனையில் ஒரு துளி எடுத்து அச்சில் மட்டும் வையுங்கள். ஃபிலிம் போகும் பாதையில் எண்ணெய் படக் கூடாது. அங்கே படிந்திருக்கும் ஃபிலிம் பூச்சுத் துகளை மரப் பல்குச்சியால் சுரண்டுங்கள். உலோகம் பட்டால் கேட்டில் கீறல் விழும், அந்தக் கீறல் பிறகு ஒவ்வொரு ஃபிலிமிலும் கோடாக விழும்.

ஃபிலிம் ஏறிய பிறகும் தடதடவென்ற சத்தம் நிற்கவில்லையென்றால் தகடுகள் விலகவில்லை என்று பொருள். பல இயந்திரங்களில், வெளிவந்த ஃபிலிமை லேசாகச் சுண்டி இழுத்தால் பிடி விடுபடும். வெளிவந்த ஃபிலிமைக் கீழ்ச்சுருள் சுற்றிக்கொள்ளவில்லையென்றால் ரப்பர் பெல்ட்டைப் பாருங்கள். தாராக உருகியிருந்தால் புதியது போட வேண்டியதுதான்.

கொக்கியை ஓட்டும் பிளாஸ்டிக் கியர் சக்கரத்தில் விரிசல் தெரிந்தால் மூடியை மூடிவிடுங்கள். அதை மாற்றும்போது கொக்கியும், ஃபிலிம் நகரும்போது ஒளியை மறைக்கும் ஷட்டரும் ஒரே கணக்கில் இயங்கும்படி பொருத்த வேண்டும். பழகிய மெக்கானிக் வேலை அது. இயந்திரம் சரியான பிறகும், பெட்டியைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடிக்கிற சுருளை இதில் ஏற்றாதீர்கள். அந்த ஃபிலிம் சுருங்கத் தொடங்கிவிட்டது. கொக்கி அதன் துளைகளைக் கிழித்துவிடும். அதைப் பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் கொடுத்துப் பதிவெடுப்பதே நல்லது.