தாத்தாவின் ஹெரால்டுக்கு எத்தனை கதவு?

கேள்வி: சார், வயது 41, தாம்பரத்தில் இருக்கிறேன். இரண்டு வருஷமாக ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் வாங்கிச் சேர்க்கிறேன். இப்போது 212 வண்டிகள், பாதிக்கு மேல் பிரிக்காமல், கடையில் தொங்கவிடும் அட்டையோடு (கார்டு) பரணில் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. மாதம் ஐயாயிரம் வரை போய்விடுகிறது, மனைவி “பொம்மைக்கடை வைக்கப் போறீங்களா?” என்கிறாள். போன மாதம் 4,000 ரூபாய் கொடுத்து ஒரு சூப்பர் டிரெஷர் ஹன்ட், அதாவது குறைவாகவே வெளியிடும் அபூர்வ வண்டி, வாங்கினேன், கார்டு இல்லாமல் வண்டி மட்டும். நண்பன் அது போலி என்கிறான். ஆறு வயது மகள் எல்லாவற்றையும் பிரித்துக் கொடு என்று அழுகிறாள். சின்ன வயதில் தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டில் போன ஞாபகம்தான் எனக்குக் கார் பைத்தியம் பிடிக்கக் காரணம். நான் சரியாகத்தான் சேர்க்கிறேனா? இதெல்லாம் பின்னால் விலை ஏறுமா? பிரிக்கலாமா, கூடாதா?

பதில்: முதலில் அந்த நாலாயிரத்தைப் பார்த்துவிடுவோம், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன்.

வண்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்து ரிவெட்டைப் பாருங்கள். கம்பெனியில் போட்ட ரிவெட் காளான் தலை மாதிரி வழவழப்பாக அமுங்கியிருக்கும். அதைத் துளைபோட்டுப் பிரித்திருந்தால் நடுவில் குழியோ, ஸ்க்ரூவோ, பசை காய்ந்த தடமோ பெரும்பாலும் தெரியும். சாதாரண வண்டியைப் பிரித்து, பெயின்ட்டைச் சுரண்டி, சூப்பரில் இருப்பதைப் போல ரப்பர் டயர் மாட்டி, திரும்ப மூடி விற்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கமான வேலை. அப்புறம் பெயின்ட். சூப்பரில் பெரும்பாலும் ஸ்பெக்ட்ராஃபிளேம் என்று சொல்லும் பூச்சு இருக்கும், அடியில் இருக்கும் உலோகத்தின் பளபளப்பு நிறத்தின் வழியாகக் கசிந்து தெரியும், மிட்டாய்க் காகிதம் மாதிரி. உங்கள் வண்டி வெறும் மெட்டாலிக் பெயின்ட்டில் மினுக்கினால் நண்பன் சொன்னது சரியாக இருக்கலாம். வண்டியின் உடம்பில் எங்காவது டி.ஹெச். (டிரெஷர் ஹன்ட்) என்று குட்டியாக அச்சாகியிருக்க வேண்டும், பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் அந்த எழுத்தின் விளிம்பு பிசிறக் கூடாது. இனிமேல் சூப்பர் வாங்குவதென்றால் கார்டோடு வாங்குங்கள். இப்போது வருகிறவற்றில் வண்டிக்குப் பின்னால் அட்டையில் வட்டத்துக்குள் தீச்சுடர் சின்னம் ஒளிந்திருக்கும், சூப்பருக்குத் தங்க நிறம், சாதா டிரெஷர் ஹன்ட்டுக்கு வெள்ளி நிறம். கார்டிலும் பிளாஸ்டிக்கைப் பிரித்து ஒட்டுகிற கில்லாடிகள் உண்டு, அதனால் ஓரங்களைத் தடவிப் பாருங்கள்.

சரி, விலை ஏறுமா? உங்கள் பரணில் இருப்பது ஏறாது. இப்படிச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், ஆனால் கணக்கு எளிமையானது. 1968இல் ஹாட் வீல்ஸ் முதன்முதலில் 16 வண்டிகளோடு வந்தபோது அதை வாங்கிய பையன்கள் தெருவில் ஓட்டி, மணலில் புதைத்து, டயரைக் கடித்துத் துப்பினார்கள், அட்டை அன்றைக்கே குப்பைக்குப் போயிற்று. அப்படியும் தப்பிப் பிழைத்தது கொஞ்சம் என்பதால்தான் இன்று அதற்கு அவ்வளவு விலை. இன்றைக்கு உலகம் முழுக்க உங்களைப் போலவும் என்னைப் போலவும் லட்சக்கணக்கான பேர் பிரிக்காமல் பத்திரப்படுத்துகிறோம், எல்லார் வீட்டுப் பரணிலும் அதே வண்டி புதுக்கருக்கு மாறாமல் இருந்தால் இருபது வருஷம் கழித்து யார் யாரிடம் வாங்குவது?

இன்னொரு பொறியும் இருக்கிறது, அதில் நானே விழுந்தவன். ஒரு பழைய சாமான் கடையில் அடியில் 1969 என்று போட்ட ஒரு ஹாட் வீல்ஸைப் பார்த்ததும் கை நடுங்க, பேரம்கூடப் பேசாமல் வாங்கிவந்தேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் பக்கத்திலேயே ‘மலேசியாவில் தயாரானது’ என்று இருக்கிறது. அடியில் போட்டிருக்கும் வருஷம் அந்த காஸ்டிங்கை, அதாவது வண்டி வார்க்கும் அச்சை, வடிவமைத்து உரிமை பதிவான வருஷம், வண்டி தயாரான வருஷம் அல்ல. அதே அச்சில் முப்பது நாற்பது வருஷம் கழித்தும் வண்டி அடிப்பார்கள். இப்போது வரும் வண்டிகளில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணுமாகக் குட்டியாக ஒரு குறியீடு இருக்கும், எழுத்து தயாரித்த வருஷத்தையும் எண் வாரத்தையும் குறிக்கிறது. ‘அபூர்வம், 80களின் வண்டி’ என்று விற்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது, சிலருக்கு நன்றாகவே தெரியும்.

கடையில் கிடைக்காததால் கூடுதல் விலைக்கு வாங்குகிறேன் என்று கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த எரிச்சல் நியாயம்தான். 2020இல் பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70க்குப் போனது. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். இதற்கு நடுவில் கடைக்கு வரும் ஒன்றிரண்டு பெட்டியையும் திறந்தவுடனேயே ஓர் ஆள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் இரண்டு மடங்குக்கு விற்கிறார். அவரிடம் மெயின்லைன் எனும் சாதா வரிசை வண்டியை வாங்காதீர்கள், ஒன்றுகூட வேண்டாம். இந்த வருஷம் நீலத்தில் தவறவிட்ட காஸ்டிங் அடுத்த வருஷம் சிவப்பில் வரும், அதற்கடுத்த வருஷம் ஸ்டிக்கர் மாறி வரும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 212 வண்டி வாங்கியிருக்கிறீர்கள், ஆனால் கலெக்‌ஷனை இன்னும் தொடங்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கடை எதை மாட்டி வைத்ததோ அதை வாங்கியிருக்கிறீர்கள். கடிதம் முழுக்க ஹாட் வீல்ஸ், கார்டு, சூப்பர் என்று போய்விட்டு, கடைசிப் பக்கமாகத் தாத்தாவின் ஹெரால்டு என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 212இல் ஒரு ஹெரால்டுகூட இல்லையே!

ஸ்டாண்டர்டு ஹெரால்டு உங்கள் ஊர் வண்டி சார். தாம்பரத்துக்கு அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் பிறந்தது. இங்கிலாந்தில் அதன் பெயர் டிரையம்ஃப் ஹெரால்டு, அந்தப் பெயரில் தேடினால்தான் டை-காஸ்ட், அதாவது உலோகத்தை வார்த்துச் செய்த பொம்மைக் கார், கிடைக்கும், ஸ்டாண்டர்டு என்று தேடிக்கொண்டே இருந்தால் ஆயுசுக்கும் கிடைக்காது. லிவர்பூலின் டின்கி டாய்ஸ் 189ஆம் எண்ணில் ஒரு ஹெரால்டு போட்டது. கார்கி கம்பெனி 231ஆம் எண்ணில் ஹெரால்டு கூபே போட்டது, அதில் அசல் வண்டியில் இருப்பதைப் போலவே பானெட் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும், அந்தச் சின்ன வண்டியில் அதைத் திறந்து மூடுவது ஒரு தனி சுகம். இரண்டுமே 1960களின் சரக்கு என்பதால் பெட்டியோடு வேண்டும் என்று அடம்பிடித்தால் செலவு அதிகம், பெயின்ட் உதிர்ந்தது போதும் என்றால் உங்கள் இரண்டு மாத பட்ஜெட்டுக்குள் முயன்று பார்க்கலாம். புதிதாகவே வேண்டுமென்றால் வான்கார்ட்ஸ் வரிசையில் 1:43 அளவிலும் (அசலில் 43இல் ஒரு பங்கு), ஆக்ஸ்ஃபோர்டு டைகாஸ்டில் 1:76 அளவிலும் ஹெரால்டு வந்திருக்கிறது.

அங்கிருந்து தானாகவே நூல் பிடித்துப் போகலாம். எண்ணூரில் அசோக் லேலண்ட் வருவதற்கு முன் அது அசோக் மோட்டார்ஸ், 1948இல் தொடங்கி ஆஸ்டின் ஏ40 கார்களைக் கோத்து விற்றது. அந்த ஏ40 டின்கியில் ‘ஆஸ்டின் டெவன்’ என்ற பெயரில் இருக்கிறது. 1990களின் கடைசியில் திருவள்ளூர்ப் பக்கம் மிட்சுபிஷி லான்சர் வந்தது, அப்புறம் பஜேரோ. ஹாட் வீல்ஸிலும் ஜப்பானின் டொமிகாவிலும் கிடைப்பது பெரும்பாலும் பந்தய லான்சரான எவல்யூஷன், நம் ரோட்டில் போன சாதா லான்சர் அல்ல, அந்த வித்தியாசம் உறுத்தினால் காத்திருங்கள், உறுத்தவில்லையென்றால் வாங்குங்கள். சென்னையில் பிறந்த வண்டிகள் என்று ஒரே ஒரு அலமாரித் தட்டு, இருபது வண்டி, அதற்கு ஐந்து வருஷம் தேட வேண்டியிருக்கும். கொஞ்சம் வெளியே போனால் பத்மினிக்கு ஃபியட் 1100 என்று தேடுங்கள். 1960களின் பிற்பகுதியில் டின்கியின் பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்து ‘நிக்கி டாய்ஸ்’ என்ற பெயரில் வண்டிகள் வந்தன, வேலைப்பாடு கொஞ்சம் முரடு, ஆனால் எனக்கு அசல் டின்கியைவிட அதுதான் பிடிக்கும்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹாட் வீல்ஸை 1:64 என்று சொல்வார்களே தவிர, எல்லா வண்டியும் ஒரே கார்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் பஸ்ஸும் மினி காரும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். மேட்ச்பாக்ஸும் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான், 1953இல் அந்த வரிசை வந்தபோது தீப்பெட்டி அளவுக்குள் அடங்குவதுதான் கணக்கு, பெயரே அதுதான். டின்கி ஹெரால்டு 9 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், ஆக்ஸ்ஃபோர்டு ஹெரால்டு 5 சென்டிமீட்டர்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அப்பாவும் பிள்ளையும் மாதிரி இருக்கும். ஓர் அளவை முடிவு செய்துகொண்டு அதிலேயே போவது கண்ணுக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

பரணிலிருந்து எல்லாவற்றையும் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கிவிடுங்கள். மே மாதத் தாம்பரத்தில் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரண் ஓர் அடுப்பு. பசை விட்டுப்போகும், பிளாஸ்டிக் மஞ்சளாகும், மழைக்காலத்தில் அட்டை நெளியும், மிச்சத்தை இராமபாணப் பூச்சி தின்னும். வெயில் நேரே படாத சுவரில் கண்ணாடித் தட்டு வையுங்கள். பிளாஸ்டிக் தட்டில் மென்மையான டயர் வண்டிகளை வருஷக்கணக்கில் நிறுத்தக் கூடாது, டயரிலிருந்து கசிவது பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், என்னிடம் ஒரு வண்டி நாலு டயரையும் தட்டிலேயே விட்டுவிட்டு உடம்போடு மட்டும் கையில் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டின்கி யாராவது கொடுத்தால் வாங்கும் முன் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துபோனால் உலோகம் உள்ளிருந்தே உப்பி, வெடித்து, பிஸ்கட் மாதிரி உதிரும். அதற்கு மருந்து கிடையாது.

மகளுக்கு என்ன செய்வது என்று கேட்கவே வேண்டாம். 212இல் உங்களுக்கு நிஜமாகவே பிடித்த நாற்பதை ஒதுக்குங்கள். ஒவ்வொன்றையும் ஏன் வைத்துக்கொள்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுத முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், எழுத வரவில்லையென்றால் வேண்டாம். மிச்சத்தில் பாதியை மகளே பிரிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். மீதியை வாங்கிய விலைக்கே இன்னொரு ஆளுக்குக் கொடுங்கள், நாலாயிரம் போன காயத்துக்கும் கொஞ்சம் மருந்து. பழைய டின்கி, கார்கியை மட்டும் அவள் கையில் கொடுக்காதீர்கள், அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். மனைவியிடம் மாதம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள், நாலாயிரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், எப்படியும் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. பாட்டி இருந்தால், அல்லது அப்பாவிடம், அந்த ஹெரால்டுக்கு எத்தனை கதவு என்று கேளுங்கள். முதலில் வந்தது இரண்டு கதவு, நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. இரண்டு என்றால் டின்கி உங்கள் தாத்தா வண்டிக்கு அப்படியே பொருந்தும், நிறம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு என்றால் எனக்கு எழுதுங்கள், நாலு கதவு ஹெரால்டை டை-காஸ்டில் நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை, சேர்ந்து தேடுவோம்.