டல்லஸில் அந்த ஞாயிறு

போன இதழில் பழைய டென்னிஸ் வீரர் கென் ரோஸ்வாலைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன்: "விம்பிள்டன் அவருக்குக் கிடைக்கவில்லை, டல்லஸ் கிடைத்தது." அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. எனக்கு மகிழ்ச்சிதான். அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு காலத்தில் நடந்த அந்த டென்னிஸ் போட்டி பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று பல வருடங்களாகக் காத்திருந்தவன் நான். இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டல்லஸில் டென்னிஸா? நாற்பது வருடமாக விளையாட்டுப் பக்கம் படிக்கிறேன், அப்படி ஒரு பெரிய போட்டி நடப்பதாகக் கேள்விப்பட்டதே இல்லையே?

நான் சொன்ன அந்தப் போட்டி இப்போது நடப்பதில்லை, அதனால்தான். 1971 முதல் 1989 வரை நடந்தது. பெயர் டபிள்யூ.சி.டி. ஃபைனல்ஸ். வேர்ல்ட் சாம்பியன்ஷிப் டென்னிஸ் என்ற அமைப்பின் ஆண்டு இறுதிப்போட்டி.

அந்த அமைப்பை 1967-ல் தொடங்கிவைத்தவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த டேவ் டிக்சன். பணம் போட்டு, பிறகு முழுக்கத் தன் கையில் எடுத்துக்கொண்டவர் டெக்சாஸ் எண்ணெய்க் குடும்பத்தின் லாமர் ஹன்ட். அமெரிக்கக் கால்பந்தில் 'சூப்பர் பௌல்' என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான். முதலில் எட்டு ஆட்டக்காரர்களை ஒப்பந்தம் செய்து, 'ஹான்ட்சம் எய்ட்' என்று பெயர் வைத்து ஊர் ஊராக அழைத்துப் போனார்கள். ஜான் நியூகோம்ப், டோனி ரோச், கிளிஃப் டிரைஸ்டேல் எல்லாம் அந்த எட்டில் அடக்கம். வெள்ளைச் சட்டையைக் கழற்றி வண்ணச் சட்டை மாட்டிவிட்டார்கள். பார்வையாளர்கள் தாராளமாகச் சத்தம் போடலாம் என்றார்கள். பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் ஆட்டக்காரர்களுக்கு முறையாகச் சம்பளம் வந்தது. அதற்கு முன்னால் 'அமெச்சூர்' (பணத்துக்காக ஆடாதவர்) என்ற போர்வையில் மேசைக்கு அடியில் கை மாறிய பணத்தை நினைத்தால், இது எவ்வளவோ நேர்மையான ஏற்பாடு.

1971-ல் 32 ஆட்டக்காரர்கள், 20 போட்டிகள், மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். ஒவ்வொரு போட்டியிலும் புள்ளி. சுற்று முடிவில் முதல் எட்டு இடங்களில் இருப்பவர்கள் மோதும் போட்டிதான் ஃபைனல்ஸ். இன்று ஆண்கள் சுற்றின் ஏ.டி.பி. ஃபைனல்ஸ் பார்க்கும் தலைமுறைக்கு இந்த அமைப்பு பழக்கமானதாகவே தெரியும்.

கேள்வி: 1972 டல்லஸ் ஆட்டத்தை எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆட்டங்களில் ஒன்று என்கிறார்களே, அன்று அப்படி என்னதான் நடந்தது?

1972 மே 14, ஞாயிற்றுக்கிழமை. இடம் மூடி கொலீசியம், ஒரு பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கம். ஒரு பக்கம் ராட் லேவர், வயது 33. ஒரே ஆண்டில் நான்கு பெரிய போட்டிகளையும் (கிராண்ட்ஸ்லாம்) ஜெயிப்பதை இரண்டு முறை, 1962-லும் 1969-லும், செய்தவர். மறுபக்கம் ரோஸ்வால், வயது 37. இருவரும் ஆஸ்திரேலியர்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களாக ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் தங்களுக்குள் நூறு முறைக்கு மேல் மோதியவர்கள். ஒருவர் கை எப்போது எங்கே திரும்பும் என்பது மற்றவருக்கு அத்துப்படி.

ஆறு மாதம் முன்பு, 1971 நவம்பரில், இதே ஊரில் நடந்த முதல் ஃபைனலிலும் இவர்கள்தான். அதில் ரோஸ்வால் ஜெயித்தார். சுற்று முழுவதும் அதிகப் புள்ளி எடுத்தவர் லேவர், கோப்பை போனது ரோஸ்வாலுக்கு. அதனால் 1972-ல் லேவருக்கு ஒரு கணக்கு பாக்கி இருந்தது.

முதல் செட் லேவருக்கு 6-4. அடுத்தது ரோஸ்வாலுக்கு 6-0. மூன்றாவதும் அவருக்கே 6-3. நான்காவது 6-6 ஆகி, அதை டைபிரேக்கரில் லேவர் பறித்தார். ஐந்தாவது செட்டும் 6-6 வரை வந்து நின்றது.

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். டைபிரேக்கரில் இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் ஏழைத் தொடுபவருக்கு செட். முதல் புள்ளிக்கு ஒருவர் சர்வீஸ் போடுவார். அதன் பிறகு இரண்டிரண்டாக மாறும். லேவர் 5-4 என்று முன்னால் இருக்கிறார். அடுத்த இரண்டு சர்வீஸும் அவருடையது. இரண்டையும் எடுத்தால் 7-4, கோப்பை அவருக்கு. சர்வீஸ் போடுகிறவர் கையில் ஆட்டம் இருக்கும் தரை அது. நான் அங்கே பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தால் லேவர் பக்கம்தான் பந்தயம் கட்டியிருப்பேன்.

ஒன்பது புள்ளி முடிந்திருப்பதால் முதல் சர்வீஸ் இடப்பக்கக் கட்டத்திலிருந்து. லேவர் இடக்கைக்காரர். அவருக்கு வாட்டமான பக்கம் அதுதான். பந்து வெளிப்பக்கமாக வளைந்து, எதிரில் நிற்கும் வலக்கை ஆட்டக்காரரின் பேக்ஹாண்டுக்கு, அதாவது அவருடைய இடப்பக்கத்துக்குப் போகும். வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு அங்கே அடிக்கலாம். ஆனால் எதிரில் நின்றவருக்கு உலகத்திலேயே நல்ல பேக்ஹாண்ட். பந்து போனது, திரும்பி வந்தது, லேவருக்கு எட்டவில்லை. 5-5. அடுத்த சர்வீஸும் பேக்ஹாண்டுக்கே. ரோஸ்வால் திருப்பியது லேவரைத் தாண்டிப் போனது. ரோஸ்வாலுக்கு 6-5.

ஏன் இரண்டாவது முறையும் அங்கேயே போட்டார் என்று என் மாணவர்கள் கேட்பார்கள். என் கருத்து இது: சோர்ந்த உடம்பு தனக்கு நன்றாகப் பழகிய அடியைத்தான் தேடும். மூன்றரை மணி நேரம் ஆடிய பிறகு, பயமும் பரபரப்பும் சேரும்போது, புதிதாக யோசிக்கக் கை வராது. நூறு ஆட்டங்களில் கைகொடுத்த சர்வீஸைத்தான் லேவரும் நம்பினார். அதில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசிச் சர்வீஸ் ரோஸ்வாலுக்கு. லேவர் திருப்பிய பந்து தவறியது. 7-5. ரோஸ்வால் பக்கத்திலிருந்து மொத்தக் கணக்கு 4-6, 6-0, 6-3, 6-7, 7-6. பரிசு 50,000 டாலர். அதே ஆண்டு விம்பிள்டன் ஜெயித்த ஸ்டான் ஸ்மித்துக்குக் கிடைத்தது 5,000 பவுண்டு.

அமெரிக்காவில் என்.பி.சி. தொலைக்காட்சி அதை நேரடியாகக் காட்டியது. பல லட்சம் வீடுகளில் முதன்முறையாக டென்னிஸை முழுதாக உட்கார்ந்து பார்த்தார்கள். எழுபதுகளில் அங்கே டென்னிஸ் பித்து பரவியதற்கு அந்த ஒரு மாலைக்குப் பெரிய பங்கு உண்டு.

இதில் என்னை வருத்துவது வேறு. இந்த ஆட்டம் முடிந்த சில வாரங்களில் விம்பிள்டன். இருவரும் அங்கே ஆட முடியவில்லை. டபிள்யூ.சி.டி. ஒப்பந்தக்காரர்களுக்கு சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் அந்த ஆண்டு தடை போட்டிருந்தது. உலகமே பார்த்து வியந்த இரண்டு பேரை வாசலில் நிறுத்திவிட்டு விம்பிள்டன் நடந்தது.

ரோஸ்வால் கணக்கைப் பாருங்கள். 1954, 1956, 1970, 1974 என நான்கு முறை விம்பிள்டன் இறுதிப்போட்டியில் தோற்றார். விம்பிள்டன் அப்போது அமெச்சூர்களுக்கு மட்டும்தான்; தொழில்முறைக்குப் போனதால் 1957 முதல் 1967 வரை 11 ஆண்டுகள் உள்ளேயே விடவில்லை. 1972-ல் தடை. 1973-ல் ஆட்டக்காரர்கள் சங்கத்தின் புறக்கணிப்பு. இருபத்திரண்டு வயது முதல் முப்பத்திரண்டு வரை ஒருவரைப் பூட்டி வைத்துவிட்டு, "அவர் விம்பிள்டன் ஜெயிக்கவே இல்லையே" என்று சொல்வது நியாயமா? அவர் டல்லஸ் ஜெயித்தார், இரண்டு முறை, இரண்டு முறையும் லேவரை வென்று. டல்லஸ் இன்றும் நடந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு ஆண்டும் தொலைக்காட்சியில் பழைய சாம்பியன்கள் பட்டியல் ஓடும், முதல் இரண்டு வரியில் அவர் பெயர் இருக்கும். போட்டி நின்றது, அந்தப் பட்டியலும் திரையிலிருந்து போய்விட்டது. அதற்காகத்தான் போன இதழில் அந்த வரியை எழுதினேன்.

கேள்வி: கூரைக்கு அடியில், தரைவிரிப்பின் மேல் ஆடுவது அசல் டென்னிஸ் ஆகாது என்கிறார் என் தாத்தா. உங்கள் கருத்து?

தாத்தாவை மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளரங்கத்தில் காற்று கிடையாது, கண்ணில் வெயில் கிடையாது. சாக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

கார்ப்பெட் என்றதும் வீட்டில் விரிப்பதை நினைக்காதீர்கள். செயற்கை இழையில் செய்த கெட்டியான விரிப்பு, சுருட்டி லாரியில் ஏற்றலாம். கூடைப்பந்து மைதானமோ கண்காட்சிக் கூடமோ, எங்கே வேண்டுமானாலும் விரித்தால் டென்னிஸ் களம் தயார். இது இல்லாமல் ஹன்ட் ஊர் ஊராகப் போட்டி நடத்தியிருக்கவே முடியாது. பந்து அதில் தாழ்வாக, வழுக்கிக்கொண்டு வரும். சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடி வாலி அடிப்பவர்களுக்கு (பந்து தரையில் படுமுன் அடிப்பவர்களுக்கு) அது சொர்க்கம். டல்லஸை ஐந்து முறை ஜெயித்தவர் ஜான் மெக்கன்ரோ (1979, 1981, 1983, 1984, 1989). அது தற்செயல் இல்லை. 1983-ல் இவான் லெண்டிலை ஐந்தாவது செட் டைபிரேக்கரில் வென்றார், 1972-ஐப் போலவே. ஏ.டி.பி. சுற்றில் 2009 முதல் கார்ப்பெட் கிடையாது. அந்த வகை ஆட்டமும் அதோடு பெரும்பாலும் போய்விட்டது.

கேள்வி: நம்மவர் யாராவது டபிள்யூ.சி.டி.யில் ஆடியிருக்கிறார்களா?

விஜய் அமிர்தராஜ்! 1977-ல் கான்சஸ் சிட்டியில் நடந்த டபிள்யூ.சி.டி. உலக இரட்டையர் பட்டத்தை டிக் ஸ்டாக்டனோடு சேர்ந்து வென்றவர் நம் சென்னைக்காரர். அதே ஆண்டு டல்லஸ் ஒற்றையர் இறுதிப்போட்டிக்கும் ஸ்டாக்டன் வந்து, ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார். விஜய் என்றால் விம்பிள்டனையும் டேவிஸ் கோப்பையையும் மட்டும் பேசுகிறோம். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய போட்டி ஏன் நின்றுபோனது?

ஆட்டம் மோசமாகி நிற்கவில்லை. காலண்டர் சண்டையில் நின்றது.

1972-ல் டபிள்யூ.சி.டி.க்கும் சம்மேளனத்துக்கும் இடையே ஒரு சமரசம் ஆனது. ஆண்டின் முதல் பகுதி டபிள்யூ.சி.டி.க்கு, மீதி சம்மேளனத்தின் கிராண்ட் பிரீ சுற்றுக்கு. டல்லஸ் மே மாதத்தில் உட்கார்ந்தது. அதுதான் பொற்காலம். 1975-ல் ஆர்தர் ஆஷ் டல்லஸில் பியான் போர்கை வென்றார், இரண்டு மாதத்தில் விம்பிள்டனையும் வென்றார். அடுத்த ஆண்டு டல்லஸ் போர்குக்கு, விம்பிள்டனும் போர்குக்கு. இந்த இரண்டு ஆண்டுகளில் டல்லஸ் சாம்பியன்தான் விம்பிள்டன் சாம்பியன்.

1978-ல் டபிள்யூ.சி.டி. கிராண்ட் பிரீயோடு இணைந்தது. 1982-ல் பிரிந்து தனிச் சுற்று நடத்தியது. வழக்கு, மறுபடி சமரசம், மறுபடி இணைப்பு. ஒரு தொடர் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தால், எந்தப் போட்டிக்கு என்ன மதிப்பு என்று ரசிகனுக்கே குழப்பமாகிவிடும். ஆட்டக்காரர்களுக்கும் அதே குழப்பம். இதற்கிடையில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மாஸ்டர்ஸ், ஆண்டுக் கடைசிப் போட்டி என்ற இடத்தைப் பிடித்துவிட்டது. 1990-ல் ஆட்டக்காரர்கள் தாங்களே ஏ.டி.பி. டூர் என்று சுற்றை நடத்தத் தொடங்கினார்கள். ஒரு தனி மனிதர் நடத்தும் தொடருக்கு அதில் இடம் இல்லை. 1989-ல் மெக்கன்ரோ பிராட் கில்பர்ட்டை வென்றதோடு டல்லஸ் முடிந்தது.

ஹன்ட் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. போட்டியை அந்த ஊரின் சொத்தாக மாற்றாமல் தன் நிறுவனத்தின் சொத்தாகவே கடைசி வரை வைத்திருந்தார். நிறுவனம் மூடியதும் போட்டியைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லை. ஆனாலும் 1993-ல் சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் அவரைச் சேர்த்தது மிகச் சரி. இன்றைய ஆட்டக்காரர்கள் வாங்கும் காசோலையில் அவர் தொடங்கிய வேலையும் இருக்கிறது.

கேள்வி: எனக்குப் பதினாறு வயது. ரோஸ்வால் மாதிரி ஸ்லைஸ் பேக்ஹாண்ட் கற்றுக்கொள்ள முடியுமா, ஐயா?

முடியும் தம்பி. ஸ்லைஸ் என்றால் பந்துக்குப் பின்சுழல் கொடுத்துத் தாழ்வாக அனுப்பும் அடி. ரோஸ்வால் இயல்பில் இடக்கைப் பழக்கம் உள்ளவர். அப்பாதான் வலக்கையில் ஆடப் பழக்கினார். அவர் பேக்ஹாண்ட் அவ்வளவு இயல்பாக இருந்ததற்கு அதுவே காரணம் என்று பலர் சொல்வார்கள். நான் கற்றது ஒரு நூலகத்தில், கிழிந்துபோன ஆங்கிலப் பத்திரிகையில் இருந்த அவருடைய ஒரே ஒரு படத்தைப் பார்த்து. தினமும் போய் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பேன்.

படத்தில் இருந்ததைச் சொல்கிறேன். தோள் முழுதாகத் திரும்பி, முதுகின் ஒரு பகுதி எதிராளிக்குத் தெரிகிறது. மட்டையின் தலை மணிக்கட்டைவிட உயரத்தில் நிற்கிறது. இடக்கை மட்டையின் கழுத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறது. முன்கால் முட்டி நன்றாக மடங்கியிருக்கிறது. பார்வை பந்தில்.

மட்டையைச் சுத்தியல் பிடிப்பதுபோல் பிடி. பந்தை வெட்டாதே, மேலிருந்து கீழாகக் கொத்தவும் செய்யாதே. பந்துக்குப் பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளு, மட்டை கொஞ்சம்தான் இறங்க வேண்டும். அடித்த பிறகு இடக்கை பின்னாலேயே நிற்கட்டும், அப்போதுதான் தோள் சீக்கிரம் திறக்காது. முதல் இரண்டு வாரம் வலை வேண்டாம், சுவர் போதும். சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு, தினமும் இருநூறு முறை அந்தக் கோட்டை ஒட்டி அடி. எத்தனை பட்டது என்று எண்ணி எழுதி, அடுத்த மாதம் எனக்கு அனுப்பு.