அரசுக் கட்டடத்தில் கடை நடத்தும்போது தகராறு வந்தால்

தம்பி, கிரீன் கார்டில் அமெரிக்கா வந்திருக்கும் உங்கள் அக்காவுக்குப் பார்வை இல்லை, அரசு அலுவலகக் கட்டடத்தில் சிற்றுண்டிக் கடை எடுக்கலாமா, அதிகாரிகளோடு தகராறு வந்தால் யாரிடம் போவது என்று கேட்டிருந்தீர்கள். நானும் பார்வையில்லாதவள்தான். மத்திய அரசுக் கட்டடம் ஒன்றில் பதினோரு வருடமாகக் கடை நடத்துகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த உரிமம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான், கிரீன் கார்டு போதாது. குடியுரிமை கிடைக்கும்வரை உள்ள காலத்தை வீணாக்க வேண்டாம். வெள்ளைக்கோல் பயிற்சி, ஸ்கிரீன் ரீடர் (கணினித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்), கணக்கு வைப்பது எல்லாம் அக்கா இப்போதே கற்றுக்கொள்ளட்டும்.

1936-இல் வந்த ராண்டால்ஃப்-ஷெப்பர்ட் சட்டம்தான் நமக்கு அடித்தளம். மத்திய அரசு இடங்களில் கடை நடத்த பார்வையற்றோருக்கு முன்னுரிமை தருவது இது. தகராறுகளுக்கு நடுவர் குழு என்ற ஏற்பாடு 1974 திருத்தத்தில் வந்தது.

பலரும் குழம்புவது ஒரே இடத்தில். கட்டடத்தை வைத்திருக்கும் துறை, அனுமதியை நமக்குத் தருவதில்லை, மாநில உரிம ஏஜென்சிக்குத் தருகிறது. ஏஜென்சி நமக்கு உரிமம் தந்து அங்கே உட்கார வைக்கிறது. அதனால் கட்டடத் துறை சட்டத்தை மீறினாலும் அதன்மேல் நாம் நேராகப் புகார் கொடுக்க முடியாது. ஏஜென்சிதான் கொடுக்க வேண்டும்.

இது எனக்குத் தெரியாமல் நாலு மாதம் போயிற்று. கடை தொடங்கிய மூன்றாவது வருடம், வெளி கம்பெனி ஒன்று லிஃப்ட் பக்கத்தில் இரண்டு வென்டிங் மெஷின் வைத்தது. என் சிப்ஸ், குளிர்பான விற்பனை கண்முன்னே சரிந்தது. கட்டட மேலாளரிடம் வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன். "பார்க்கிறேன்" என்பார், அவ்வளவுதான். நம் கடையோடு நேரடியாகப் போட்டியிடும் மெஷின்களின் வருமானம் ஒரு வரம்புவரை நமக்குச் சேர வேண்டும் என்று விதி இருப்பதே எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு மாநிலத்திலும் விற்பனையாளர்களே தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று உண்டு. அதில் இருந்த ஒரு பெரியவர்தான் வழி காட்டினார். மெஷின் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் வைத்தார்கள், அதற்கு முன்னும் பின்னும் என் விற்பனை எவ்வளவு என்று எழுதச் சொன்னார். குழு அதை ஏஜென்சியிடம் கொண்டுபோனது, ஏஜென்சி கட்டட நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டது. ஆறு வாரத்தில் முடிந்தது, மெஷின் பணம் இன்றுவரை எனக்கு வருகிறது.

சரி, ஏஜென்சியோடே பிரச்சினை என்றால்? உரிமத்தை நிறுத்தி வைக்கிறார்கள், நல்ல இடத்தை முறையில்லாமல் வேறொருவருக்குக் கொடுக்கிறார்கள், நம் லாபத்திலிருந்து பிடித்தம் அதிகமாகப் போடுகிறார்கள், கட்டடத் துறைமேல் புகார் கொடுக்கவே மறுக்கிறார்கள் என்று வையுங்கள். முதலில் மாநிலத்திலேயே சாட்சி, ஆவணங்களோடு முழு விசாரணை கேட்க வேண்டும். அந்த முடிவு ஒத்துவராவிட்டால் மத்திய கல்வித் துறைச் செயலரிடம் புகார் கொடுக்கலாம். மூன்று பேர் நடுவர் குழு அமையும். ஒருவரை நாம் நியமிப்போம், ஒருவரை ஏஜென்சி. அந்த இருவரும் சேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் குழு சொன்னதும் ஏற்க முடியாததாக இருந்தால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகலாம்.

மாநில விசாரணையைத் தாண்டிக் குதித்து நேராக வாஷிங்டனுக்கு எழுதிவிடாதீர்கள். முதல் படி முடியாமல் அடுத்தது திறக்காது. நடுவர் குழு வரை போன வழக்குகள் நீளமாக இழுக்கும். அதற்குள் கடைச் சரக்கு, வாடிக்கையாளர் எல்லாம் கையைவிட்டுப் போகலாம். அதனால்தான் விற்பனையாளர் குழுவை முதல் நாளே பழக்கப்படுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

அப்புறம், ஏஜென்சியின் வரவு-செலவு விவரங்களைக் கேட்டுப் பெற நமக்கு உரிமை உண்டு. முடிந்தால் பிரெய்லிலோ ஒலிப்பதிவாகவோ தர வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. உரிமம் வாங்கும் அன்றைக்கே அக்கா மாநில விதிகளின் நகலைத் தான் படிக்கக்கூடிய வடிவத்தில் கேட்கட்டும்.