நிதித் திட்டமிடலுக்கென்று தனிப் பட்டம் தேவையா?

விருதுநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல், வணிகக் கணிதம் படித்து நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறார்; நிதித்துறையில் வேலைக்குப் போக விரும்புகிறார். பக்கத்து ஊர்க் கலைக்கல்லூரியில் வழக்கமான பி.காம். இடம் கிடைத்துவிட்டது. வெளியூரில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ ‘நிதித் திட்டமிடல்’ என்று பெயரிட்ட பி.காம். படிப்பைப் பல மடங்கு கட்டணத்தில் தருகிறது. கூடுதலாகக் கட்டும் பணத்துக்குப் பலன் உண்டா என்று கேட்கிறார்.

பட்டத்தின் பெயருக்காக என்றால் வேண்டாம். சட்டம் அந்தப் பெயரைக் கேட்கவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்ல விரும்புபவர், பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2013-ஆம் ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிகளின்கீழ்ப் பதிவுசெய்ய வேண்டும்; அதற்கு வழக்கமான பி.காம். பட்டமே தகுதியாகும். அதோடு செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் 10-ஏ, 10-பி ஆகிய இரண்டு தேர்வுகளில் தேர்ச்சி வேண்டும். முன்பு கேட்கப்பட்ட பணி அனுபவ நிபந்தனையையும் 2024 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். நிதித் திட்டமிடுநர்களுக்கான, உலகளவில் மதிக்கப்படும் சிஎஃப்பி சான்றிதழுக்கும் இதே நிலைதான்: எந்தப் பட்டம் என்பதைவிட, முதலீடு, ஓய்வுக்காலமும் வரியும், இடரும் சொத்துக் கைமாற்றமும், ஒருங்கிணைந்த திட்டம் என்ற பகுதிகளில் தேர்ச்சியும் பிறகு பணி அனுபவமுமே அங்கே பார்க்கப்படுகின்றன.

ஆனால் பாடம் வேறு, பெயர் வேறு. நிதித் திட்டமிடல் என்ற பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் ஒழுங்காகப் படிப்பவருக்குக் கிடைக்கும் பயிற்சி உண்மையிலேயே பெரியது. ஓர் ஆசிரியர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகனின் கல்லூரிப் படிப்புக்கு இன்றைய விலையில் 15 லட்சம் ரூபாய் ஆகும். அவன் கல்லூரிக்குப் போக இன்னும் 10 ஆண்டு இருக்கிறது. கல்விச் செலவு ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறும் என்று கொண்டால் அன்றைக்குத் தேவைப்படுவது சுமார் 32.4 லட்சம். முதலீடு 12 சதவீதம் வளருமென்றால் மாதம் ஏறக்குறைய 14,000 ரூபாய் போட்டு வர வேண்டும்; 10 சதவீதம் என்றால் 15,800; வைப்புநிதியைப் போல 8 சதவீதம்தான் என்றால் 17,700. இதுவரை வருவது வணிகக் கணிதம். இரண்டாம் ஆண்டு மாணவி எவரும் எக்செல்லில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார். அந்த 14,000 ரூபாய் எங்கிருந்து வரும் என்ற கேள்வியில்தான் திட்டமிடல் தொடங்குகிறது. வீட்டுக்கடன் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது, நகை அடகில் இருக்கிறது, சொந்தக்காரர் நடத்தும் சீட்டில் பாதியிலிருந்து விலகவும் முடியாது, ஊரில் அம்மாவின் மருத்துவத்துக்கு மாதாமாதம் பணம் போகிறது. எதை முதலில் தீர்ப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று காரணத்தோடு சொல்லக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு இருந்தால் அதற்குப் பணம் கட்டலாம்.

வாரிசுச் சட்டத்தையும் இதே தீவிரத்தோடு நடத்துகிறார்களா என்று பாருங்கள். வங்கிக் கணக்கில் மனைவியை நியமனதாரராக (நாமினி) எழுதிவிட்டதால் பணம் முழுவதும் அவருக்கே சொந்தம் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே நியமனதாரருக்கு உண்டு. உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்து ஆணின் தனிச் சொத்தில், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவி மக்களோடு அவருடைய தாய்க்கும் பங்கு உண்டு. அந்தத் தாயை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அதேசமயம் ஆயுள் காப்பீட்டில், 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோரை நியமித்தால் நிலைமை மாறுகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரியாதவரிடம் ஒரு குடும்பம் தன் கணக்குகளை ஒப்படைக்கக் கூடாது.

இனி வேலை. நிதித் திட்டமிடல் என்ற பெயரில் வளாகத் தேர்வில் வரும் பணிகளில் பெரும்பகுதி விற்பனைதான் என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. வங்கியின் ‘உறவு மேலாளர்’ பதவிக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் ‘ஆலோசகர்’ பதவிக்கும் மாத இலக்கு உண்டு. அதில் கேவலம் ஒன்றுமில்லை. மனிதர்களிடம் பணத்தைப் பற்றிப் பேசப் பழகுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடமும் இல்லை. ஆனால் கமிஷன் வாங்கும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தரும் கட்டணம் வாங்கும் ஆலோசகரும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு ஆட்கள். தனிநபர் ஒருவர் இரண்டாகவும் இருக்க முடியாது. நிறுவனங்களின் கணக்கை ஆராயும் வேலையில் ஆசை என்றால் வழியே வேறு. அதற்கு சிஏ (பட்டயக் கணக்காளர்) அல்லது சிஎஃப்ஏ (பட்டய நிதிப் பகுப்பாய்வாளர்) வேண்டும், அந்த மாணவிக்கு அகலமான பி.காம். படிப்பே அதிகம் உதவும். 17 வயதில் இந்த மூன்றில் எது என்று உறுதியாகத் தெரிவது அபூர்வம். அதனால்தான் பெயரால் குறுகிய பட்டத்தை நான் முதல் தேர்வாகச் சொல்வதில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவதானால், சேர்வதற்கு முன் வரிப்பாடத்தின் பாடத்திட்டத்தையும் கடைசி ஆண்டு வினாத்தாளையும் கேட்டு வாங்குங்கள். பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீத வரி, விலக்கு வரம்பு 1.25 லட்சம். பழைய 10 சதவீதமும் ஒரு லட்சமும் இன்னும் இருந்தால் அந்தத் துறை தூங்குகிறது என்று பொருள். 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் ‘மதிப்பீட்டு ஆண்டு’ போய் ‘வரி ஆண்டு’ வருகிறது. அதற்கேற்பப் பாடம் மாறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கண்ணாடிக் கட்டடத்தையும் பங்குச்சந்தைத் திரை மாட்டிய ஆய்வகத்தையும் சுற்றிக்காட்டுவார்கள். பார்த்துவிட்டு வினாத்தாளுக்கே திரும்புங்கள்.

நான் தங்கள் இடத்தில் இருந்தால் பக்கத்துக் கல்லூரியில் சேர்த்து, மீதமாகும் பணத்தில் ஒரு பகுதியைச் சான்றிதழ்களுக்கு ஒதுக்குவேன். 18 வயது முடிந்ததும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கான என்ஐஎஸ்எம் 5-ஏ தேர்வை எழுதட்டும். 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. மூன்றாம் ஆண்டில் சிஎஃப்பியின் முதல் பகுதியைத் தொடங்கலாம். விடுமுறைகளில் தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் வேலையில் உட்காரட்டும்; ஒரு குடும்பத்தின் பணம் எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதை அங்கே பார்ப்பது போல் வேறெங்கும் பார்க்க முடியாது.

கல்லூரி திறக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த பழைய எண்டோமென்ட் பாலிசி ஒன்று கட்டாயம் இருக்கும். அந்தப் பத்திரத்தை மகளிடம் கொடுத்து, உண்மையில் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கிடைக்கிறது என்று எக்செல்லில் ஐஆர்ஆர் (உள் ஈட்டு விகிதம்) போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் 50,000 வீதம் 20 ஆண்டு கட்டி, முடிவில் 17 லட்சத்து 36 ஆயிரம் வருகிறது என்றால், 10 லட்சம் 17 லட்சமாகிவிட்டது என்று முகவர் சொல்வார். கணக்குப் போட்டால் வருவது 5 சதவீதம். அந்த விடை வந்தபின் மகள் மேற்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்குகிறாரா, தாளை மடித்து வைத்துவிடுகிறாரா என்று கவனியுங்கள்.