பாடும் மீனின் ஓசை கல்லடிப் பாலத்தின் மேல் நின்றால் ஏன் கேட்பதில்லை?

பாடும் மீன் என்பது, மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தை அண்டிய நீருக்குள், நிலவுள்ள அமைதியான இரவுகளில் கேட்பதாகச் சொல்லப்படும் இசை போன்ற மெல்லோசையாகும். நீருக்குள் பிறக்கும் ஒலியில் மிகச் சிறு பங்கே காற்றுக்கு வரும். நீரின் அடர்த்தி காற்றினதைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால், எஞ்சியது நீர்ப்பரப்பில் பட்டு உள்ளேயே திரும்பிவிடும். அதனால்தான் மீனவர்கள் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்கிறார்கள். சுவரில் காதை வைத்தால் அடுத்த அறைப் பேச்சுத் தெளிவாவது போல, மரம் ஒலியை நேரே கடத்துகிறது. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையைப் பார்த்ததோடு திரும்பிவிடுவோர், இந்நகரின் அரிய அனுபவத்தைத் தவறவிடுகிறார்கள் என்பதே என் உறுதியான எண்ணம்.

பாடுவது மீன்தான் என்று பலர் நம்பினாலும், எந்த உயிரி என்பது அறிவியலால் இன்னும் உறுதியாகவில்லை. மீனவர்கள் பலர் ஊரி எனும் ஓட்டுயிரியையே சொல்கிறார்கள்.